இடம் மாறிக்கொண்டே இருந்த வலி

அண்ணா,

இன்று காலை முதல் ட்ரிப்பில், மலை ஏறுவதற்கு முந்தைய நிறுத்தத்தில் ஒருவர் ஏறினார். முழங்காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தார். அவர் படியில் கால் வைத்ததுமே தைல வாசனை வண்டிக்குள் வந்துவிட்டது. ஜன்னலோரம் இருந்த கல்லூரிப் பெண் துப்பட்டாவை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின் இருக்கைக்குப் போய்விட்டார். நான் மெஷினில் டிக்கெட் அடித்துக் கொடுத்தேன். அவர் விரல் பட்ட இடத்தில் தாள் எண்ணெய் குடித்து மறுபக்கம் தெரிந்தது.

"கால் வலிங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. நேத்து வரைக்கும் இடுப்புல இருந்துச்சு. இன்னிக்கு முட்டிக்கு வந்துகீது" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவர் போல என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், அண்ணா. நீங்கள் டெப்போ ஓய்வறையில் சிரித்த சிரிப்பு அது. நான் என் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வளைவு தாண்டியும் எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்து யாரோ, "கண்டக்டர், டிக்கெட்டே குடுக்கலியே" என்று குரல் கொடுத்த பிறகுதான் எழுந்தேன்.

நீங்கள் போய் ஒரு மார்கழி முடிந்து அடுத்த ஆடியும் வந்துவிட்டது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தோன்றவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

படவேட்டில் கோயில் வாசலில் தேங்காய், கற்பூரம் விற்கிற குடும்பத்தில் வளர்ந்தவன் நான். மலையைத் தினமும் பார்ப்பேனே தவிர ஏறியதில்லை. வேலை கிடைத்து மலை வண்டிக்குப் போட்ட முதல் வாரம், வளைவு வரும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். டிரைவர் சீட்டிலிருந்து நீங்கள் கண்ணாடியில் பார்த்திருக்கிறீர்கள். திரும்பாமலே சொன்னீர்கள்: "கண்ண மூடிக்கினா இன்னும் ஜாஸ்தியா சுத்தும் தம்பி. தூரமா எதனா ஒரு மரத்தப் பாரு."

நீங்கள் அந்த மலையிலேயே பிறந்தவர். ஜமுனாமரத்தூர் தாண்டி, பஸ் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே உங்கள் வீடு. சாமை விதைக்கிற நிலமும் நாலைந்து புளிய மரங்களும். உங்கள் ஊரில் அரசு வண்டி ஓட்டப் போன முதல் ஆள் நீங்கள்தான் என்று ஊர்க்காரர்கள் வண்டியில் ஏறினாலே சொல்வார்கள். நிறுத்தம் இல்லாத இடத்திலும் ஆள் நின்றால் நிறுத்துவீர்கள். நான் முகம் சுளிப்பேன். "அடுத்த வண்டி சாயந்தரந்தான் வரும். அது வரைக்கும் அந்தப் பொம்பள மூட்டைய வெச்சிக்கினு நிக்கணுமா?" என்பீர்கள். இறங்கி நீங்களே மூட்டைக்குக் கை கொடுத்த நாட்களும் உண்டு. டெப்போவில் நேரம் பிந்தியதற்கு இருவரும் சேர்ந்துதான் பேச்சு வாங்குவோம். வெளியே வந்ததும் நீங்கள் டீ வாங்கித் தருவீர்கள். பல வருடம் நாம் ஒரே ஜோடி. நம் இருவரையும் பிரித்து டூட்டி போட்டால் டெப்போவிலேயே, "ஏன், சண்டையா?" என்று கேட்பார்கள்.

உங்கள் வலி ஒரு பனிக்காலத்தில் ஆரம்பித்தது. முதலில் குதிகால் என்றீர்கள். சில நாளில் முழங்கால். அப்புறம் தோள்பட்டை. ஒரு நாள் கழுத்து திரும்பவில்லை என்று உடம்பையே திருப்பிக் கண்ணாடி பார்த்து ஓட்டினீர்கள். மறுநாள் கழுத்து சரியாகி இடுப்பு பிடித்துக்கொண்டது. போக்குவரத்துக் கழக டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வயசுக்கு ஏற்ற தேய்மானம், பெரிதாக ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

ஓய்வறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தீர்கள். நான்தான் கேட்டேன். "அண்ணனுக்கு இன்னிக்கு வலி எந்த ஸ்டாப்புல நிக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் மெக்கானிக்குகள் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் கேட்டில் இருந்த வாட்ச்மேன் கேட்டார். கொஞ்ச நாள் மலை வேண்டாம், டெப்போவுக்குள்ளேயே ஏதாவது வேலை கொடுங்கள் என்று நீங்கள் மேலாளரிடம் கேட்கப் போனபோது அவரும் அதையே கேட்டாராம். "இன்னா, இப்ப எந்த ஸ்டாப்பு?" வெளியே வந்து என்னிடம் சொன்னீர்கள். அந்த வார்த்தை என்னிடமிருந்து கிளம்பியது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் யாரோ சொன்னதைப் போலத்தான் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு வலி பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டீர்கள். "எப்படி இருக்குதுணா?" என்றால் "நல்லாகீறேன்" என்பீர்கள். போய்விட்டது போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். கண் முன்னால் இருந்ததை நான் பார்க்கத்தான் செய்தேன். கியர் பிடிக்கிற உங்கள் கை வெடித்து வெள்ளையாகத் தோல் உரிந்தது. படியிறங்கினால் முட்டி சத்தம் போட்டது. டிபன் டப்பா பாதியோடு திரும்பியது. ஏறும்போது சில நாள் கேட்பீர்கள்: "தம்பி, அந்த வளைவு தாண்டி ஒரு நிமிஷம் ஓரங்கட்டட்டுமா? அவசரமா வருது."

"மேல போய்ப் பாத்துக்கலாம்ணா. ஏற்கெனவே லேட்டு."

நீங்கள் அடக்கிக்கொண்டு ஓட்டுவீர்கள். அது எத்தனை தடவை நடந்தது என்று இன்று நினைக்கும்போது கணக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஒரு நாள் ஜமுனாமரத்தூரில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் பை எடுத்துக்கொண்டு டீக்குப் புறப்பட்டேன். நீங்கள் இறங்கவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கிலேயே கை வைத்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"தம்பி, எனக்கு பயமா கீது."

"எதுக்குணா?"

"தெர்ல. இந்த ரோட்டுல நடந்துதான் நான் பள்ளிக்கோடம் போனேன். இப்ப வளைவு வந்தா நெஞ்சு படபடங்குது. படுத்தா தூக்கம் வர்றதில்ல. பொறண்டு பொறண்டு படுக்கறேன். எதுவோ வுழப்போற மாதிரியே கீது."

உங்களுக்காகப் பயந்தேன் என்று எழுதினால் பொய். டிரைவருக்கே பயம் என்றால் பின்னால் நிற்கிற என் கதி என்ன என்றுதான் முதலில் தோன்றியது. "வாங்கணா, டீ சாப்ட்டா சரியாய்டும்" என்றேன். வந்தீர்கள். குடித்தோம்.

அன்று வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள்தான், அடிவாரத்தில் ஆயுர்வேத டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், தன் அக்காவுக்குத் தோள்வலி அங்கேதான் குறைந்தது, கூட்டிப்போய்க் காட்டு என்றாள். அடுத்த வார லீவில் உங்களை என் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். நான் செய்த ஒரு நல்ல காரியம் அது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

டாக்டரம்மா எடுத்தவுடன் வலியைப் பற்றிக் கேட்கவில்லை, ஞாபகமிருக்கிறதா? மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு, தூக்கம் எப்படி, சாப்பாடு எத்தனை மணிக்கு, வயிறு தினமும் போகிறதா, என்ன கனவு வருகிறது என்று கேட்டார். வயிறு விஷயம் வந்ததும் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "இருக்கட்டும். இவருக்குத் தெரியாதது இன்னா கீது" என்றீர்கள்.

கடைசியில்தான் அவர் கேட்டார். "வலி எங்கங்க?"

நீங்கள் தயங்கினீர்கள். "அது ஒரே எடத்துல இல்லீங்கம்மா. மாறிக்கினே இருக்கும். பொய் சொல்றேன்னு நெனைக்காதீங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். "பொய்னு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க" என்றீர்கள்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாறுதுன்னு நீங்க சொல்றதுதான் எனக்கு முக்கியம்" என்றார் அவர். "உடம்புல அசையறது எதுவா இருந்தாலும் அதுக்குப் பேரு வாதம். மூச்சு உள்ள போறது, சோறு கீழ எறங்கறது, கழிவு வெளிய போறது, கை நீட்டறது, பேசறது, யோசிக்கறது எல்லாம் அது செய்யற வேல. பித்தமும் கபமும் தானா நகராது. வாதம் தள்ளினாத்தான் நகரும். நீங்க டிரைவர்தானே? உங்க வண்டியில நீங்க ஒருத்தர் சரியா இருந்தா எல்லாரும் ஊர் போய்ச் சேருவாங்க இல்ல, அது மாதிரி. அது கெட்டுச்சுன்னா ஒரு எடத்துல நிக்காது. காத்துக்கு நிக்கத் தெரியாது. இன்னிக்குத் தோளு, நாளைக்கு முட்டி. அலையறதுதான் அதோட கொணம். வறட்சி, குளிர்ச்சி, இதெல்லாமும் அதோட கொணம். உங்க கையப் பாருங்க, எப்படி வெடிச்சிருக்குது."

நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள்.

"பயமும் அதுல வர்றதுதாங்களா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

"வரும். தூக்கம் போறதும் பயம் வர்றதும் வாதம் ஏறினா நடக்கும். நீங்க கோழையாய்ட்டீங்கன்னு அர்த்தமில்ல."

பிறகு எதனால் ஏறும் என்று சொல்லிக்கொண்டே போனார். குலுக்கலான பயணம், முகத்தில் அடிக்கிற குளிர்காற்று, வேளை தவறின சாப்பாடு, ஆறிப்போன காய்ந்த சாப்பாடு, கண் விழிப்பு, கவலை, வருகிற சிறுநீரை அடக்குவது. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தலையாட்டினீர்கள். அவர் சொன்னது முழுக்க நம்முடைய ஒரு நாள் டூட்டி. அதில் பாதி, நான் "லேட்டு, லேட்டு" என்று உங்களை விரட்டியதால் வந்தது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

சாமையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது வறட்சி என்று அவர் சொன்னபோதுதான் உங்களுக்குக் கோபம் வந்தது. "எங்க மலச் சாமையையா வேணாங்கறீங்க? எங்க தாத்தன் காலத்துல இருந்து அதுதானுங்களே தின்றோம்."

"வேணாங்கல. உங்க தாத்தா பஸ் ஓட்டல இல்ல? சாப்புடுங்க, சூடா, நெய் ஊத்திச் சாப்புடுங்க."

அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். அவர் ஒன்றையும் மிகையாகச் சொல்லவில்லை. முதுகெலும்பு தேய்ந்தது தேய்ந்ததுதான், அதைத் தன்னால் வளர்த்துத் தர முடியாது, வலியைக் குறைக்கலாம், தூக்கத்தைக் கொண்டுவரலாம் என்றார். எண்ணெய் தேய்த்து ஒத்தடம், கஷாயம், வாதத்துக்கு இருப்பிடம் பெருங்குடல் என்பதால் அங்கே மருந்து செலுத்துகிற வஸ்தி என்று வரிசையாக விளக்கினார். ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "சிகிச்சை எத்தன நாளோ அதுக்கு ரெண்டு பங்கு நாள் ஓய்வு. உடம்பு அப்பத்தான் பிடிச்சிக்கும். குளிர்காத்து, குலுக்கல், அலைச்சல் எதுவும் ஆகாது. இதுல அவசரப்பட்டா செஞ்சது வீணாப்போய்டும்."

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நிறுத்தினேன். அந்த ஸ்டாப் ஜோக்குக்கு, ஓரங்கட்ட விடாததற்கு, எல்லாவற்றுக்கும். வாய் திறந்தால், "அப்ப சாமைய வுட்ருவீங்களா அண்ணா?" என்றுதான் வந்தது. "நெய்க்கு எங்க போறது?" என்றீர்கள். பேச்சு அதோடு போயிற்று.

சிகிச்சைக்காக நீங்கள் அங்கே தங்கியிருந்தபோது வந்து பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் உங்களிடம் பார்த்ததில்லை. கன்னம் தெளிந்திருந்தது. கை மெத்தென்று இருந்தது. "தூங்கறேன் தம்பி. நடுவுல முழிப்பே வர்ல. காலைல வயிறு தானாப் போவுது" என்று வீட்டில் குழந்தை பிறந்த சேதி போலச் சொன்னீர்கள். பக்கத்துக் கட்டில்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம். அந்த ஒரு மணி நேரம் சுகமாக இருந்தது.

பிறகு ஓய்வுக்கு மலைக்குப் போய்விட்டீர்கள். உங்கள் இடத்துக்கு ஒரு இளைஞனைப் போட்டார்கள். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. சமவெளியில் ஓட்டிப் பழகியவன். நேரத்துக்குப் போக வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தமாட்டான். மூட்டையோடு நிற்கும் பெண்கள் கை காட்டிக்கொண்டே பின்னால் சிறிதாகிப் போவார்கள். மறுநாள் அவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். "பழைய டிரைவர் எப்ப வருவாரு?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு நாள் வளைவில் பின்சக்கரம் தடுப்புக் கல்லில் உரசியது. வண்டிக்குள் எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு தூரத்தில் இருக்கிற மரத்தைப் பார்த்தும் அன்று பயம் அடங்கவில்லை.

அந்த வார லீவில் உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தீர்கள். காதை மறைத்து மப்ளர். உள்ளே அண்ணி வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் வண்டிக் கதை முழுவதையும் சொன்னேன். மூட்டைக்காரப் பெண்கள் சண்டை போட்டதை, தடுப்புக் கல்லை, எல்லோரும் உங்களைக் கேட்பதை. வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

அண்ணி சுக்குத் தண்ணி கொண்டுவந்தார். "டாக்டரம்மா இன்னும் ரெண்டு வாரம் இருக்கச் சொல்லிக்கீறாங்க" என்றார். உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமாண்ணி, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

தம்ளர் பாதி ஆனபோது நானேதான் மறுபடி ஆரம்பித்தேன். "சும்மா உக்காந்து ஓட்டறதுதானே அண்ணி. ஜன்னலெல்லாம் நான் மூடி வெச்சிக்கறேன். மூட்ட ஏத்தறது எறக்கறது எதுக்கும் அண்ணன் சீட்ட வுட்டு எழுந்துக்க வேணாம். எங்க ஓரங்கட்டணும்னாலும் கட்டட்டும். லேட்டானா நான் பதில் சொல்லிக்கறேன்."

நீங்கள் ரோடு இருக்கும் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். அங்கிருந்து ரோடு தெரியாது. ஆனால் வண்டி போனால் சத்தம் கேட்கும்.

"திங்கக்கெழமை வர்றேன்னு டெப்போல சொல்லிடு" என்றீர்கள்.

அண்ணி என் கையில் இருந்த தம்ளரை, நான் குடித்து முடிப்பதற்குள் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

முதல் சில நாட்கள் திருவிழா போல இருந்தது. ஆடி மாதம். படவேட்டுக் கோயிலுக்குப் போகும் கூட்டம் வேறு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு அம்மா மடியில் இருந்து கொய்யாப்பழம் எடுத்து இஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் சொன்னபடி ஜன்னல்களை மூடினேன். கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது என்று சத்தம் போட்டார்கள். ஒன்றைத் திறக்க விட்டேன். பிறகு எல்லாம் திறந்தன. மலைக்காற்று நேராக உங்கள் கழுத்தில் அடித்தது. நீங்கள் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். டிக்கெட் போடுகிற அவசரத்தில் இருந்தேன்.

தூறல் விழுந்த அந்தக் காலை, மேலே இரண்டு வளைவு மிச்சம் இருக்கும்போது வண்டி மெதுவாகி ஓரத்தில் நின்றது. யாரோ ஏறப்போகிறார்கள் என்று நினைத்துக் கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"தம்பி" என்றீர்கள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எல்லாரையும் எறக்கு. சக்கரத்துக்குக் கல்லு வை."

"இன்னாணா?"

"கால் எங்க கீதுன்னு தெர்ல. பிரேக்க மிதிச்சிக்கினு கீறேனா இல்லியான்னு தெர்ல. ஹேண்ட் பிரேக்கு போட்டுட்டேன். கல்லு வை மொதல்ல."

ஓடிப்போய்க் கல் வைத்தேன். எல்லோரையும் இறக்கினேன். திரும்பி வந்து பார்த்தபோது உங்கள் சட்டை முழுக்க வியர்வை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி இறக்கினோம். ஈர ரோட்டில் படுக்கவைக்க, மூட்டைக்காரப் பெண் ஒருத்தி சாக்கிலிருந்த சாமானைக் கொட்டிவிட்டுச் சாக்கை விரித்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "யாருக்கும் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டீர்கள். யாருக்கும் ஒன்றுமில்லை, அண்ணா. உங்களைத் தவிர.

தண்டுவடத் தட்டு நழுவி நரம்பை அழுத்திவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். கால் வந்தது, முழுதாக வரவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "இது எப்ப வேணாலும் ஆகியிருக்கும்" என்றார். மனசு ஆறவில்லை. ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எத்தன நாள் ஓய்வுல இருந்தாரு?" என்றார். சொன்னேன். மேசையில் இருந்த நோட்டை மூடினார். பிறகு, "அதனாலதான்னு என்னால சொல்ல முடியாதுங்க. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலைக்கே போய்விட்டீர்கள். ஆரம்பத்தில் லீவு நாளில் வந்து பார்த்தேன். அப்புறம் குறைத்துக்கொண்டேன். வேலை அதிகம் என்று சொன்னேன். உண்மையில், அண்ணி தரும் தம்ளரை வாங்க என்னால் முடியவில்லை. அவர் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. முன்பு போலவே "சாப்ட்டியா தம்பி?" என்றுதான் கேட்பார்.

நான் வருவது நின்றதும் நீங்கள் வர ஆரம்பித்தீர்கள். கோல் ஊன்றிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்து வந்து நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்திருப்பீர்கள். வண்டி நிற்கிற நேரம்தான் நமக்கு. நான் பேப்பர் கொடுப்பேன், டெப்போ சேதி இரண்டு சொல்வேன். விசில் அடித்துவிடுவேன். அப்படி ஒரு நாள் என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னீர்கள்:

"தம்பி, அத நெனச்சிக்கினே இருக்காத. நீ வந்து கூப்டலன்னாலும் நானே வந்திருப்பேன். வூட்ல உக்காந்து உக்காந்து போரடிச்சிப்போச்சி எனக்கு."

புது டிரைவர் ஹாரன் அடித்தான். ஏறிக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தாலும் இப்போது கூச்சமாக இருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் காலை இழுத்து நடந்து வந்து சொன்ன பிறகும், நன்றி என்றுகூடச் சொல்லாமல், தூங்கியிருக்கிறேன்.

மார்கழிக் குளிரில் சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சில நாளிலேயே போய்விட்டீர்கள். முதுகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் மற்றவர்களிடம் சொல்கிறேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அண்ணியைப் பார்க்க வந்தேன். முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஓடு உரித்தேன். வெகுநேரம் கழித்து அவராகவே பேசினார்.

"உன்னப் பத்தித்தான் பேசிக்கினே இருப்பாரு தம்பி. கண்ண மூடிக்கினு கம்பியப் புடிச்சிக்கினு நிப்பியாமே, அதச் சொல்லிச் சொல்லி சிரிப்பாரு."

நான் புளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கால் மரத்துப்போற அன்னிக்கு மட்டும் ஒண்ணு சொல்லுவாரு. ரெண்டு வாரம் இருந்திருக்கலாம், அவசரப்பட்டுட்டேன்னு."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான். புறப்படும்போது ஒரு பையில் புளி போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி அதில்தான் இன்னும் குழம்பு வைக்கிறாள்.

நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்று. அண்ணியிடம் சொன்னது ஒன்று. நீங்களாகவே வந்தீர்கள், அதில் வருத்தமில்லை என்று உங்கள் பேச்சை நம்பினால் எனக்கு விடுதலை. ஆனால் அதை நம்ப வேண்டுமென்றால் அண்ணி பொய் சொன்னதாக ஆகிவிடும். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்காக ஒரு பொய் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

இதையெல்லாம் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன், அண்ணா. இன்று மலை இறங்கும்போதுதான் வேறொன்று பிடிபட்டது. அண்ணி சொன்னது, வலியில் இருக்கும்போது, வீட்டுக்குள், பெண்டாட்டியிடம் மட்டும் நீங்கள் சொன்ன பேச்சு. அது என் காதுக்கு வரப்போவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். நான் உங்களைக் கூப்பிட வந்த அன்று முற்றத்தில் பேசியதையெல்லாம் அண்ணியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்படியிருந்தும் "அவன் அவசரப்படுத்திட்டான்" என்று நீங்கள் சொல்லவில்லை. "அவசரப்பட்டுட்டேன்" என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள்.